பெருநாள் பிறை நகரும், பருவமழை நகராது: மலையகத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுமுன்

பெருநாள் தொழுகை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, உறவுகளைப் பார்த்து முடிக்கும்போது காலை பத்து, பதினொரு மணியாகிவிடும். அதன் பிறகுதான் எமது ஊர்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்படும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் இளைஞர்களின் பயணம் அநேகமாக நுவரெலியாவுக்கு அல்லது எல்லவுக்குத்தான். சிலர் அங்கிருந்து தெற்குக் கடற்கரை வரை இறங்கி, இரண்டு மூன்று நாட்களில் ஊர் திரும்புவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டைப் பார்ப்பதும் நண்பர்களோடு மகிழ்ந்திருப்பதும் மார்க்கம் அனுமதித்தவையே.

ஆனால் பெருநாள் மகிழ்ச்சி அடங்குமுன் ஜனாஸா அறிவித்தல் கேட்ட ஊர்களும் நம்மிடையே இருக்கின்றன. அப்போது வேகத்தைக் குறை சொல்கிறோம், வயதைக் குறை சொல்கிறோம், “விதி” என்கிறோம். எந்த மாதத்தில், மலையின் எந்தப் பக்கத்தால், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்பவர் குறைவு. மலை வீதியில் பாதி ஆபத்தைத் தீர்மானிப்பவை இந்த மூன்று கேள்விகள்தான். இவற்றுக்கு வீட்டிலிருந்தே விடை காணலாம்.

மலை ஒரு மதில்

இலங்கையின் நடுவே நிற்கும் மலைத்தொகுதியை ஒரு பெரிய மதிலாக நினைத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து அந்த மதிலின் மேற்குப் பக்கத்தில் மோதுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுவது இதனால்தான். வறண்ட ஹம்பாந்தோட்டைக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மட்டுமே.

மழையை மேற்கில் இறக்கிவிட்ட அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடாகி வறண்டுவிடுகிறது. கிழக்கு மாகாணத்தில் அதைக் கச்சான் காற்று என்கிறோம். நம் ஊரில் கச்சான் வீசிப் புழுதி பறக்கும் நாட்களில் மலைக்கு அப்பால் ஹட்டனில் விடாமழை பெய்துகொண்டிருக்கக் கூடும். ஊரின் வெயிலைப் பார்த்து மலையின் வானிலையைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வந்து கிழக்குச் சரிவை நனைக்கிறது. அப்போது மட்டக்களப்பு, அம்பாறை, பதுளைப் பக்கங்கள் ஈரமாக இருக்க, மேற்குச் சரிவும் காலி, மாத்தறைக் கரையும் ஒப்பீட்டளவில் உலர்ந்திருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டு இடைப்பருவங்கள் உள்ளன. மார்ச், ஏப்ரலில் காலை வெயிலாகவும் பிற்பகல் இடிமழையாகவும் இருக்கும். “பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை” என்று வளிமண்டலவியல் திணைக்களம் திரும்பத் திரும்ப அறிவிப்பது இந்தக் காலத்தில்தான். ஒக்டோபர், நவம்பர் அதைவிடக் கடுமையானது. நாடு முழுவதும் மழை, மண் முழுவதும் ஈரம், அதற்கு மேல் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கமும் சூறாவளியும் சேர்ந்துகொள்ளும்.

பெருநாள் எங்கே விழுகிறது?

மாற்று மதச் சகோதரர்களின் பண்டிகைகள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வருகின்றன. சித்திரைப் புத்தாண்டு எப்போதும் ஏப்ரலில்தான். ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் நமது பெருநாட்கள் ஒவ்வொரு வருடமும் முன்னோக்கி நகர்கின்றன. ஏறத்தாழ 33 வருடங்களில் அவை எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஆகவே “நாங்கள் ஐந்து வருடத்துக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போனோம், ஒன்றும் ஆகவில்லை” என்ற அனுபவம் இந்த வருடத்துக்குப் பொருந்தாது. பெருநாளின் பெயர் அதே, வானம் வேறு.

2025 இல் நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியில் வந்தது. 2026 இல் அது மார்ச் மூன்றாம் வாரத்துக்கு நகர்கிறது. இவை பிற்பகல் இடிமழைக் காலம். இன்னும் சில வருடங்களில் அது பெப்ரவரிக்கும், பிறகு ஜனவரிக்கும் செல்லும். 2033 ஆம் ஆண்டில் ஜனவரி முற்பகுதியிலும் டிசம்பர் பிற்பகுதியிலுமாக இரண்டு நோன்புப் பெருநாட்கள் வரும். இரண்டும் வடகீழ் பருவமழைக் காலத்துக்குள்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் 2025 இல் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. 2026 இல் மே கடைசி வாரத்தில் வருகிறது. தென்மேல் பருவமழை தொடங்கும் நேரம் இது. மே மாதம் மலையடிவாரங்களில் என்ன செய்யக்கூடும் என்பதை நாடு கண்டிருக்கிறது. 2016 மே 17 அன்று அரநாயக்க மண்சரிவு கிராமங்களைப் புதைத்தது. 2017 மே 25, 26 ஆம் திகதிகளில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 200 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம்?

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்கிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் மலையின் உலர்ந்த பக்கத்தால் ஏறலாம். செங்கலடியிலிருந்து மஹா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ-5 வீதி ஒன்று. அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை வழியாக வெல்லவாயவுக்கு வந்து எல்லவுக்கு ஏறுவது மற்றொன்று. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல ஆகியவை அடங்கிய ஊவாப் பகுதிக்கு அந்த மாதங்கள் வறண்ட காலம். ஊவாத் தேயிலை தன் தனிச் சுவையைப் பெறுவதும் அந்த வறண்ட காற்றில்தான்.

மழை குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். அப்புத்தளைப் பக்கத்து மலை இடைவெளிகளில் காற்று திடீரெனப் பக்கவாட்டில் தள்ளும். 100 சிசி மோட்டார் சைக்கிளில் இருவர், முதுகில் பெரிய பை, திறந்த வளைவு என்றால் அந்தத் தள்ளல் வண்டியை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்திவிடும். வளைவில் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத்தை விட்டு விலகாமல் ஓட்டுங்கள்.

இந்த மாதங்களில் வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுபவர்கள் ஹக்கலயைத் தாண்டும்போது பருவம் மாறுவதைக் கண்ணால் காணலாம். கீழே வெயில், மேலே மூடுபனியும் தூறலும். மழை உடுப்பை வெலிமடையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. ஹக்கலயில் நனைந்த பிறகு போடுவதில் பயனில்லை. அங்கிருந்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை வழியாகவோ இறம்பொடை, புசல்லாவை வழியாகவோ மேற்கே இறங்கும் திட்டத்தை அந்த மாதங்களில் கைவிடுங்கள்.

தெற்குக் கடற்கரை அந்தக் காலத்தில் இரண்டு விதமாக இருக்கும். வெல்லவாயவிலிருந்து தனமல்வில வழியாகத் திஸ்ஸமஹாராம, ஹம்பாந்தோட்டை வரை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். மாத்தறை, வெலிகம, காலிப் பக்கம் மழையும் கொந்தளிக்கும் கடலும். மிரிஸ்ஸவில் குளிப்பது ஜனவரிக்கு ஏற்ற திட்டம். ஜூனில் கடலை ரசிக்க விரும்புபவருக்குப் பொத்துவில் அறுகம்பை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பசறை வீதியும், மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவு வீதியும் அப்போது மழையை நேராக வாங்கும். கொழும்பு, பேருவளை, காலி, மாவனல்லைச் சகோதரர்களுக்கு மேற்குப் பாதைகள் வசதியாக இருக்கும். கிழக்கு இளைஞர்கள் மழை ஓயும்வரை, அதாவது பெப்ரவரி வரை, பொறுப்பதே நல்லது. பெப்ரவரி பொதுவாக மலைக்கும் தெற்குக்கும் சிறந்த மாதம். நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் உறைபனி படியும் மாதமும் அதுதான் என்பதால் கையுறை அவசியம்.

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மலைக்கு மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்ட வீடுகளை மண் மூடியது இந்தப் பருவத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வீதிகளைச் சிதைத்ததும் இதே பருவத்தில்தான். அந்தச் சரிவுகளில் தளர்ந்த மண் ஒரு வருடத்தில் இறுகிவிடாது. முன்பு தாங்கிய மழையை இனி அவை தாங்கும் என்று நம்பக் கூடாது.

பெருநாள் அன்றே புறப்பட வேண்டுமா?

இக்கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்குக் கிழக்கிலிருந்து புறப்படுபவர் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத்தான் மலை வளைவுகளுக்கு வந்து சேர்வார். மார்ச், ஏப்ரலில் சரியாக அந்த நேரத்தில் இடிமழை தொடங்கும். மழை விடும்வரை நின்றால் இருட்டிவிடும். நிற்காமல் போனால் மழை, மூடுபனி, களைப்பு மூன்றும் ஒன்றாக வரும். முதல் நாள் இரவு பிறை பார்த்த மகிழ்ச்சியில் தூங்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

ஆகவே பெருநாள் தினத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். நேரத்தோடு உறங்கி, அடுத்த நாள் சுபஹ் தொழுகையோடு புறப்படுங்கள். தொழுகை நேரங்களையே பயண அட்டவணையாக்கலாம். சுபஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓட்டம், லுஹருக்கு முன் தங்குமிடம். காத்தான்குடியிலிருந்து நுவரெலியாவுக்கு 200 கிலோமீற்றருக்கும் கூட. மலை வேகத்தில் அதை அவசரமின்றி லுஹருக்குள் முடிப்பது கடினம். முதல் நாள் பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள். அங்கும் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. பயணிக்கு மார்க்கம் தந்த ஜம்உ, கஸ்ர் சலுகைகளின் நிபந்தனைகளை ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து புறப்பட்டால், தொழுகை தவறிவிடும் என்ற பதற்றத்தில் வளைவுகளில் விரைய வேண்டியிராது.

மஃரிபுக்குப் பின் மலை வீதியில் ஓட்டவே வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது விடியுமுன். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் வீழ்ந்தது இரவில். தொழிலாக வாகனம் ஓட்டுபவர்களே தப்பாத வீதிகள் அவை. லாகுகலை, சியம்பலாண்டுவ, தனமல்வில வீதிகளில் அந்திப் பொழுதில் யானைகளும் இறங்கும்.

மழை வண்டியில் என்ன செய்கிறது?

மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும். வீதியில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து சவர்க்காரம் போலாகும். நல்ல மழை பெய்து அவை கழுவப்படும்வரை ஒரு கடையோரம் நின்று தேநீர் குடிப்பதில் நட்டமில்லை. பின்னர் ஓட்டும்போது முன்னால் செல்லும் வாகனத்துக்கு வழமையாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வெள்ளைக் கோடு, பாலத்தின் இரும்புத் தகடு, உதிர்ந்த இலை ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு வீதி 30 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. இப்படியான இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடியிழக்கும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய சாரதிகளின் கணக்கு. ஸ்கூட்டரில் கியர் இல்லை, எஞ்சின் பிடிப்பும் குறைவு. ஆகவே ஸ்கூட்டரில் போவோர் இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். நுவரெலியா நகரம் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஊரில் 30 பாகை என்றால் அங்கே 18 அளவில். நனைந்த உடுப்போடு காற்றை எதிர்த்து ஓட்டும்போது உடல் உணர்வது அதைவிடக் குளிராக இருக்கும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். நடுக்கம் தொடங்கினால் வண்டியை நிறுத்தி உடுப்பை மாற்றுங்கள்.

தோளில் போர்த்தும் மழை அங்கியைவிட மேல், கீழ் இரண்டாகப் பிரிந்த ரெயின்கோட் பாதுகாப்பானது. பறக்கும் துணி செயினிலும் சில்லிலும் சிக்கும். மனைவியோடு பயணிப்பவர்கள் அபாயாவின் ஓரத்தையும் ஷோலையும் ஒதுக்கிக் கட்டிய பிறகே புறப்பட வேண்டும். மூடுபனியில் முன் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்திய வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இடி முழங்கும்போது மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அதன் பொதுவான அளவுகோல். அந்தப் பகுதி மக்களுக்கே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும்போது நாம் சுற்றிப் பார்க்கப் போவது முறையல்ல. செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் மண்சரிவைத் தடுக்கும் சுவரில் புது வெடிப்பு, ஊற்றில் திடீர்க் கலங்கல், சாய்ந்த மரம், வீதியில் உருண்டு கிடக்கும் புதுக் கற்கள் ஆகியவற்றைக் கண்டால் அங்கே நின்று படம் பிடிக்க வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

வீதியைக் கடந்து ஓடும் வெள்ளத்தில் ஒருபோதும் இறங்காதீர்கள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸாச் சிறுவர்களை நாம் இழந்தோம். உழவு இயந்திரத்தையே கவிழ்த்த நீருக்கு மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்? இராவணா எல்ல போன்ற நீர்வீழ்ச்சிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீங்கள் நிற்குமிடத்தில் வெயிலாக இருக்கும்போதே மேலே பெய்த மழை நீராக வந்து சேரும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் அவசர அழைப்பு 119. இம்மூன்றையும் எல்லோருடைய தொலைபேசியிலும் பதியுங்கள்.

பெற்றோரிடமும் பள்ளிவாசல்களிடமும் ஒரு வேண்டுகோள்

வாப்பாமாரே, மகன் பயணம் கேட்டால் “போகாதே” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் சொல்லாமல் போய்விடுவான். எந்த வீதி, எத்தனை மணிக்கு, இரவு எங்கே தங்கல் என்று கேளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், தலைக்கவசம், டயர், பிரேக் ஆகியவற்றை நீங்களே பாருங்கள். ஒரு வண்டியில் மூவர் என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். “மழை என்றால் நில், செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி, ஓர் இரவு தங்குமளவு பணத்தைக் கையில் கொடுங்கள். தங்கப் பணமில்லை என்பதற்காக இரவில் மலை இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில், வேகத்தைக் கண்டிப்பதோடு அந்த வாரத்து வானிலை அறிவித்தலையும் மூடப்பட்ட வீதிகளின் விபரத்தையும் வாசிக்கலாம். இரண்டு நிமிடம் போதும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நபியவர்களின் உம்மத் நாம். இந்தப் பயணத்தில் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் மூன்று: மாதம், பக்கம், நேரம். கட்டிவிட்டுப் பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். போன பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் நலமாக அவரவர் வீடு சேர்ப்பானாக.